கதவுக்கு வெளியே ஒரு பட்டாம்பூச்சி

“சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க” என்றாள் நர்ஸ்.

மாப்பிள்ளை ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பட்டாம்பூச்சியுமாக நின்றான். பட்டாம்பூச்சி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. இறக்கை விரித்தால் ஓர் ஆளின் மார்பளவு அகலம்.

“ஆணி வேணாம். டேப் போட்டு ஒட்டிக்கிட்டா?”

“பெயின்ட் உரிஞ்சிடும்.”

“அப்ப ஜன்னல்ல சாத்தி வெக்கட்டுமா?”

படுக்கையிலிருந்து மாமனார் அலறினார். “வைங்க மாப்பிள்ளை, நல்லா வெயில்ல வைங்க! ஒரே மாசத்துல நீலம் வெளுத்து வெறும் விட்டில் பூச்சி ஆயிடும். அப்புறம் உங்க பிரிட்ஜுக்குள்ள வெச்சுக் காப்பாத்துங்க.”

மாப்பிள்ளை பிரிட்ஜ் மெக்கானிக். நின்றுபோன எதையும் பின்பக்கம் கழற்றிப் பார்த்து, எங்கேயாவது ஓர் இடத்தில் தட்டினால் மறுபடி உறுமத் தொடங்கிவிடும் என்பது அவன் நம்பிக்கை. மாமனார் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் கைக்கு வரும் பணத்தில் மற்றவர்கள் வீட்டுக்குக் கூரை மாற்றுவார்கள், வாய்க்குப் பல் மாற்றுவார்கள். அவர் ஒரு பட்டாம்பூச்சி வாங்கினார்.

பெயர் பெற்ற ஓவியன் ஒருவன் அச்சடித்து விற்ற படம் அது. வெள்ளைத் தாளில் ஒற்றை நீலப் பட்டாம்பூச்சி. ஓரடி தள்ளி நின்று பார்த்தால் நீலம் கறுப்பாகும், திரும்பி வந்து பார்த்தால் கறுப்பு நீலமாகும். கீழே ஓரத்தில் பென்சிலால் போட்ட கையெழுத்து, பக்கத்தில் ஓர் எண். ஐம்பது பிரதி மட்டும் எடுத்துவிட்டு அச்சுத் தகட்டை உடைத்துப் போட்டுவிட்டார்கள். இது பதினேழாவது பிரதி. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை இதைப் பார்த்து, “காலண்டர் நல்லாருக்கு மாமா, தேதியெல்லாம் எங்க போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டான். அன்று மாமனாரின் மதிப்பில் இறங்கியவன்தான், இன்னும் மேலே ஏறவில்லை.

மாமனார் மாதம் ஒருமுறை ஓவியக் கூடத்துக்குப் போன் செய்வார். “ஆள் இருக்கானா?” என்பதுதான் ஒரே கேள்வி. ஓவியன் செத்தால் படத்தின் விலை ஏறும். ஓவியனுக்கு மாமனாரைவிட வயது அதிகம்தான். ஆனால் தினமும் சைக்கிள் ஓட்டுகிறானாம். “கலைஞன்னா குடிக்கணும், இருமணும். இவன் கீரையை அரைச்சுக் குடிக்கிறான். இவனை நம்பி எப்படிக் காசு போடறது?” என்று போனை வைத்த பிறகு புலம்புவார்.

அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஸ்டூலில் ஏறியபோதுதான் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடுப்பைப் பார்க்கிறோம் என்று சொல்லி அவர் உடம்பு முழுவதையும் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களிலும் எண் போட்டுக் கையெழுத்து வாங்கலாமே என்று மாமனார் யோசனை சொன்னாராம்.

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ரத்த அழுத்தம் எகிறிக் கொண்டிருந்ததால் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவள் படுத்தபடியே போட்ட உத்தரவு வேறு. “எனக்கு அம்மாவும் இல்ல. குழந்தை பொறக்குறப்ப அப்பா வீட்ல நடமாடிக்கிட்டு இருக்கணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியாது.”

மாமனாரை நடக்க வைக்க வேண்டும். அதுதான் மாப்பிள்ளையின் வேலை. அதற்கு நடுவில்தான் மாமனாருக்குத் திடீரென்று படம் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற ஆசை வந்தது.

“கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி இருக்கு பாருங்க, அதுல மாட்டுங்க” என்றார் மாமனார்.

“வெளியவா? உங்களுக்குத் தெரியாதே மாமா.”

“எனக்கு அது மனப்பாடம். வெளிய இருந்தா வர்றவன் போறவன் பாப்பான். இந்தக் கட்டடத்துல கண்ணுக்கு லட்சணமா வேற என்ன இருக்கு?”

நர்ஸ் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் நர்ஸைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்து பிடித்தாள். மாப்பிள்ளை மாட்டினான்.

மறுநாளே வார்டின் நடத்தை மாறியது.

முதலில் சாப்பாடு. உப்பில்லாத கஞ்சி போய், உப்பும் காரமும் போட்ட சோறு வந்தது. கூடவே ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம். பிறகு, மூன்று வேளையும் கையை இறுக்கி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வரவில்லை. நர்ஸுகள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். மாமனார் மணி அடித்தால் ஓடி வந்தார்கள். கத்தினால் சிரித்தார்கள். மதியம் ஒருவர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மாடித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தும் கொடுத்தார்.

“கலைக்கு மரியாதை மாப்பிள்ளை” என்றார் மாமனார், புகையை விட்டபடி. “வாசல்ல பதினேழாம் நம்பர் தொங்குதுன்னா உள்ள இருக்குறவன் சாதாரண ஆள் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க.”

மாப்பிள்ளையும் நம்பினான். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. தினமும் வந்து மாமனாரின் காலை மடக்கி, நீட்டி, அவரைத் திட்ட வைக்கும் பிசியோதெரபிக்காரர் அன்று அறை வாசல்வரை வந்தார், கதவைப் பார்த்தார், தலையைக் குனிந்து கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

விடை பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெரியவர் கண் திறக்காமல் படுத்திருந்தார். அவருடைய மனைவி தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொண்டேயிருப்பார். சாப்பிட ஆளில்லாமல் சுளைகள் தட்டில் குவிந்து கிடக்கும். அந்த அம்மா மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி இரண்டு சுளை கொடுத்தார்.

“உங்களுக்கும் மாட்டிட்டாங்களாப்பா? பாத்தேன். எங்களுக்குச் சின்ன அட்டைதான் மாட்டினாங்க. பெரிய ரூமுக்குக் காசு கட்டினா பெரிசு போலிருக்கு.”

அப்போதுதான் பக்கத்துக் கதவில் உள்ளங்கை அளவு அட்டை தொங்குவதை அவன் கவனித்தான். அதிலும் ஒரு நீலப் பட்டாம்பூச்சி. ஏதோ அலங்காரம் என்று இவ்வளவு நாளும் கடந்து போயிருக்கிறான்.

“அது என்னதும்மா?”

“உனக்குச் சொல்லலையா? இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, நிம்மதியா விடுங்கன்னு அர்த்தம்பா. கூட்டிப் பெருக்கறவங்கள்ல இருந்து டாக்டர் வரைக்கும் அதைப் பாத்தா சத்தம் போட மாட்டாங்க, ஊசி குத்த மாட்டாங்க, கேட்டதைக் கொடுப்பாங்க. ரூமுக்குள்ள வந்து ஏன் எப்படின்னு கேட்டு நம்மளை அழவைக்க மாட்டாங்க. நல்ல ஏற்பாடுதான்.”

மாப்பிள்ளை மிச்சச் சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் நேராகத் தலைமை நர்ஸின் மேசைக்கு ஓடினான்.

“மேடம், பெரிய தப்பு நடந்து போச்சு! எங்க மாமா கதவுல இருக்கறது நீங்க மாட்டற அட்டை இல்ல. அது வெறும் படம். விலை உயர்ந்த படம். கீழ பென்சில்ல நம்பர்கூட இருக்கு, வந்து பாருங்க. அவருக்கு இடுப்புதான் உடைஞ்சிருக்கு. மத்தபடி நல்லா திட்டறார்!”

தலைமை நர்ஸ் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். இருபது வருடமாக யார் தோளிலும் கை வைக்காதவள் மாதிரிதான் இருந்தாள், ஆனால் வைத்தாள்.

“சரிப்பா. நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு உங்க மாமனார் முன்னாடியே சொல்லியிருக்கார்.”

தன்னை ஒரு மட்டி என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைப்பது மாப்பிள்ளைக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரியைக் கூட விட்டு வைக்கவில்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

“நான் சொல்றதைக் கேளுங்க மேடம்...”

“கேக்கறேன். ஆனா என்னைவிட நல்லாக் கேக்கறவங்க ஒருத்தங்க இருக்காங்க.”

அரை மணி நேரத்தில் ஆலோசகர் ஒருவர் வந்தார். மெல்லிய குரல், கையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. மாப்பிள்ளையை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, “மறுக்கிறது இயற்கைதான்” என்று தொடங்கினார். அவன் மறுத்தான். “பார்த்தீங்களா?” என்றார். அவன் கோபப்பட்டான். “கோபம் அடுத்த கட்டம், நல்ல முன்னேற்றம்” என்றார். அவன் பேசாமல் உட்கார்ந்தான். அவர் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

அங்கிருந்து தப்பித்து டாக்டரைத் தாழ்வாரத்தில் மறித்தான்.

“டாக்டர், மாமாவுக்குப் பிசியோதெரபியை நிறுத்திட்டாங்க. மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

டாக்டர் நடந்து கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க மாமனார் தெளிவா இருக்கார். அவர்கிட்ட எல்லாம் பேசியாச்சு. எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே கேட்டுக்குங்க.”

டாக்டரையும் மாமனார் வளைத்துப் போட்டுவிட்டார் என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது.

மாமனார் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வழித்துக் கொண்டிருந்தார். மாப்பிள்ளை மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். அவர் கடைசிவரை கேட்டார். கரண்டியை நக்கினார்.

“அப்படியா சங்கதி? எவ்வளவு ரசனையான ஆஸ்பத்திரி!”

“சிரிக்காதீங்க மாமா. படத்தைக் கழட்டிடறேன்.”

“தொட்டீங்க, கையை உடைப்பேன். படம் என்னோடது. அர்த்தம் அவங்களோடது. நாலு நாளா நாக்குல உப்பு படுது, சிகரெட் கிடைக்குது, அந்த இடுப்புக் கொலைகாரன் எட்டிப் பாக்கறதில்ல. இதைக் கெடுக்கறதுக்குன்னே பொறந்தீங்களா?”

“நீங்க நடக்கணும் மாமா! நடக்காம படுத்தே கிடந்தா உடம்பு இன்னும் விழுந்துடும். இப்பவே பாருங்க, கை எப்படி மெலிஞ்சு போச்சு.”

“உங்களுக்கு எல்லாமே கம்ப்ரஸர்தான் மாப்பிள்ளை. ஓடலைன்னா உதைக்கணும். மனுஷனைக் கொஞ்சம் சும்மா நிக்க விடுங்க.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் வழக்கம்போலப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக் கொண்டு தூங்கினார். இதுதான் சமயம் என்று மாப்பிள்ளை பூனை மாதிரி வெளியே போய், படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஒரு விரிப்பில் சுற்றி, கீழே நிறுத்தியிருந்த தன் வேனில் பழைய பிரிட்ஜ் கதவுகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகினான். மூச்சை விட்டு மேலே வந்தான்.

அறைக்குள் கூட்டமாக இருந்தது.

கதவில் மாட்டிய பட்டாம்பூச்சியை எடுத்துவிட்டால் அந்த வார்டில் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு என்பதை அவன் யோசிக்கவில்லை. வேறு யாருக்கோ வந்த ஸ்ட்ரெச்சர்காரர் வெறும் கொக்கியைப் பார்த்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் தலைவரை மூடிய போர்வை. நல்ல மனிதர், ஒரு நடை மிச்சமாகட்டும் என்று வண்டியை உள்ளே தள்ளிவிட்டார். துப்புரவு வேலை செய்யும் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். பக்கத்து அறை அம்மா வாசலில் நின்று, தன் வீட்டுக்காரருக்காகச் சேர்த்து வைத்திருந்த அழுகையில் ஒரு பங்கை இங்கே செலவழித்துக் கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, ஒரு வாரமாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக் கொண்டிருந்த மாமனாரின் தம்பி பழப் பையுடன் வந்து சேர்ந்தார்.

“அண்ணே!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் மாமனார் விழித்தார். அதற்குள் அவருடைய தோளும் காலும் ஸ்ட்ரெச்சர்காரரின் இரண்டு கைகளில் இருந்தன.

“எங்கடா தூக்கறே? விடுடா!”

ஸ்ட்ரெச்சர்காரர் விட்டார். இடுப்பு படுக்கையில் இறங்கிய வேகத்தில் மாமனார் சொன்ன சொற்களை அந்தச் சுவர்கள் அதற்கு முன் கேட்டிருக்காது. பிணம் திட்டுவதைப் பார்த்த ஸ்ட்ரெச்சர்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். தம்பி அதைப் பார்க்கவில்லை. அவர் சத்தம் போட்ட கையோடு தாழ்வாரத்துக்குப் போய் முக்கியமான நான்கு பேருக்குப் போன் போட்டுக் கொண்டிருந்தார்.

ஐந்தாவதாக மாப்பிள்ளையின் போன் அடித்தது. மனைவி. பேச்சே வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. மாப்பிள்ளை போனை மாமனாரின் காதில் வைத்து அழுத்தினான்.

மாமனார் தொண்டையைச் செருமிக் கொண்டார். “அழாதம்மா. செத்தவன் பேசுவானா? உங்க சித்தப்பனுக்கு அவசரம். உம் புருஷனுக்குப் படத்து மேல கண்ணு. நான் தூங்கற நேரம் பாத்துத் தூக்கிட்டுப் போயிட்டான். ஆமா, இன்னிக்குக்கூட ரெண்டு கிண்ணம் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். நீ எழுந்திருக்காதே. வயித்துல கைய வெச்சுக்கிட்டு அப்படியே தூங்கு.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. “படத்தை மாட்டுங்க.”

மாப்பிள்ளை வேனுக்குப் போய் எடுத்து வந்து மாட்டினான்.

செத்துப் போனார் என்று கிளம்பிய செய்தி, இல்லை என்று கிளம்பிய செய்தியைவிட வேகமாகப் போனது. மறுநாள் காலை ஓவியக் கூடத்துக்காரர் கறுப்புச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் கையில் அளவு நாடா இருந்தது. மாமனார் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் ஏமாற்றமும் பிறகு மகிழ்ச்சியும் முறைப்படி வந்து போயின.

“ஆள் இருக்கானா?” என்றார் மாமனார்.

“இருக்கார் சார். போன வாரம் மலை ஏறினார்.”

“நாசமாப் போக.”

பட்டாம்பூச்சி அந்த வார்டில் என்ன சொல்கிறது என்பதை மாப்பிள்ளையின் வாயிலிருந்து கேட்டதும் கூடத்துக்காரர் கதவுக்கு வெளியே போய் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது கண்கள் மின்னின.

“சார், இதுவரைக்கும் எல்லாரும் இந்தப் படத்தைப் பத்தி மறுபிறவி, விடுதலைன்னு எழுதிட்டு இருந்தாங்க. கூட்டுப்புழு மாதிரி இருந்துட்டு ஒருநாள் பறக்கறது. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. மிச்சம் நாப்பத்தொன்பதும் எங்க தொங்குது? வரவேற்பறையில, சோபாவுக்கு மேல. இது ஒண்ணுதான் வேலை பாக்குது! ஒரு படம் எங்கெங்க இருந்துச்சுங்கறதுதான் அதோட விலை. இந்தக் கதவுல தொங்கினதுன்னு தெரிஞ்சா வாங்கறதுக்குச் சண்டையே நடக்கும்.”

மாமனார் டீயைக் கீழே வைத்தார். “எவ்வளவு கூடும்?”

“அது... நிலைமையைப் பொறுத்தது சார்.”

“எந்த நிலைமை?”

கூடத்துக்காரர் கையுறையைச் சரி செய்தார். “நீங்க நடந்து வீட்டுக்குப் போயிட்டா ஒரு விலை. இல்லைன்னா...”

“இல்லைன்னா ரெண்டு மடங்கா?”

“மூணு சார்.”

“கேட்டீங்களா மாப்பிள்ளை?” மாமனார் தலையணையில் சாய்ந்தார். “இத்தனை நாளா அவன் சாகணும்னு காத்துக்கிட்டிருந்தேன். நானே செத்தாலும் ஏறும்னு எவனும் சொல்லலையே.”

மாப்பிள்ளை கூடத்துக்காரரைக் கையைப் பிடித்து லிப்ட்வரை கொண்டுபோய் விட்டான். அவர் லிப்டுக்குள் நின்றும் அந்த அறைக் கதவைப் புகைப்படம் எடுத்துக் கொண்டிருந்தார்.

இனி யாரிடமும் வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவன் முடிவு செய்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டினான்.

‘இது ஓவியம். உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறார்.’

பார்க்கிறவர்கள் நின்று படித்தார்கள். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். பிசியோதெரபிக்காரர் படித்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தார். ஆனால் மாலையில் மாப்பிள்ளை தண்ணீர் பிடித்துக் கொண்டு வரும்போது பக்கத்து அறைக் கதவிலும், அந்தச் சின்ன அட்டைக்குக் கீழே, நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நடுங்கும் கையெழுத்து.

‘இதுவும் ஓவியம்தான்.’

பக்கத்து அறை அம்மா ஆரஞ்சுத் தட்டை நீட்டினார். “நீ எழுதினதைப் பாத்தேன்பா. மனசுக்கு ஒரு தெம்பா இருந்துச்சு. நாமளும் எழுதி வெப்போமேன்னு...”

மாப்பிள்ளை ஒரு சுளையை எடுத்துக் கொண்டான். “நல்லா எழுதியிருக்கீங்கம்மா” என்றான்.

தலைமை நர்ஸ் வந்தாள். இந்த முறை தோளில் கை வைக்கவில்லை. “உங்க வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காக வார்டுல இருக்கற எல்லாருக்கும் இல்லாத நம்பிக்கையைக் கொடுக்காதீங்க” என்று சொல்லி அவனுடைய தாளைக் கிழித்தாள். பக்கத்துக் கதவுத் தாளையும் கிழிக்கக் கையை உயர்த்தினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கையை இறக்கிக் கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளை வந்தபோது பக்கத்து அறை திறந்து கிடந்தது. படுக்கையில் விரிப்பு இல்லை. மெத்தையை ஜன்னல் பக்கம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பெஞ்சு காலி. கதவிலிருந்த அட்டையை எடுத்துவிட்டார்கள். தாளை எடுக்க மறந்துவிட்டார்கள். வெறும் கதவில், ‘இதுவும் ஓவியம்தான்’ என்பது மட்டும் இருந்தது.

அவன் மாமனாரின் படுக்கை ஓரம் வந்து நின்றான்.

“மாமா, இன்னிக்கு நீங்க நடக்கறீங்க. நானே பிடிச்சுக்கறேன்.”

“காலைலயே ஆரம்பிச்சாச்சா?”

“தினமும் அவ கேக்கறா. அப்பா நடந்தாரா, அப்பா நடந்தாரான்னு. நான் தினமும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்றேன். இனிமே பொய் சொல்ல எனக்கு வரல மாமா.” அவன் பிரிட்ஜ் சரிப்படுத்துகிற கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக் கொண்டான். “அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?”

மாமனார் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அவனைத் திட்டாமல் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“குழந்தைக்கு நாள் எப்ப சொல்லியிருக்காங்க?”

“இன்னும் ரெண்டு வாரம்.”

“முன்னாடியே பொறந்தா ஆகாதா? உங்க குடும்பத்துல எல்லாமே லேட்டு.” போர்வையை விலக்கினார். “சரி. தூக்குங்க.”

அவர் எடை அவனை அதிரவைத்தது. ஒரு சின்ன பிரிட்ஜின் கதவுகூட இதைவிடக் கனமாக இருக்கும். இடது கையை அவன் தோளில் போட்டு, வலது கையால் ஊன்றுகோலைப் பிடித்து, மாமனார் நின்றார். ஓர் அடி வைத்தார். பல்லைக் கடித்துக் கொண்டு இன்னோர் அடி. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கதவுவரை ஒரு நாடு தூரம் இருந்தது.

தாழ்வாரத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். தலைமை நர்ஸ் மேசையிலிருந்து எழுந்தாள். பிசியோதெரபிக்காரர் கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். துப்புரவுப் பெண் துடைப்பத்தை நிறுத்தினாள். யாரும் கை தட்டவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்த மாமனார் திரும்பித் தன் கதவைப் பார்த்தார். இத்தனை நாளும் சக்கர நாற்காலியில் அதைக் கடந்து போனவர், இப்போதுதான் நின்று நேருக்கு நேராகப் பார்க்கிறார். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து இறக்கை நீலமாக இருந்தது. அவர் உடம்பு லேசாக ஆடியபோது கறுப்பாயிற்று. மறுபடி நீலமாயிற்று. அவர் வேண்டுமென்றே இன்னொரு முறை ஆடிப் பார்த்தார்.

“கோணலா மாட்டியிருக்கீங்க” என்றார்.

மாப்பிள்ளை ஒரு கையை நீட்டி நேராக்கினான்.

“இப்ப சரி” என்றார் மாமனார். “போன் பண்ணிச் சொல்லுங்க அவகிட்ட. நடந்தார்னு சொல்லுங்க. திட்டினார்னும் சொல்லுங்க, இல்லைன்னா நம்ப மாட்டா.”

அவரைப் படுக்க வைத்ததும் அப்படியே தூங்கிவிட்டார். மாப்பிள்ளை ஜன்னலோரம் போய் மனைவிக்குப் போன் செய்தான். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். “கோணலா மாட்டினேன்னு திட்டினார்” என்றான். “அப்ப அப்பா நல்லாத்தான் இருக்கார்” என்றாள். மாலையில் கூட்டிக் கொண்டு போக டாக்டரிடம் கேட்கிறேன், நீ அவர் அறையில் நல்ல விரிப்பாகப் போட்டு வைக்கச் சொல்லு என்றான்.

எத்தனையோ பிரிட்ஜ் வேலை பார்த்திருக்கிறான். நின்ற கம்ப்ரஸர் முதல் தடவை உறுமும்போது நெஞ்சில் ஒன்று பொங்குமே, அது இப்போது கழுத்துவரை பொங்கியது. படத்தைச் சுற்ற அந்தப் பழைய விரிப்பை எடுத்துக் கொண்டு வெளியே வந்தான். இனி இந்தப் படத்துக்கு இங்கே வேலையில்லை. சட்டத்தின் இரண்டு பக்கமும் கை வைத்துத் தூக்கினான்.

“அதைக் கழட்டாதீங்க தம்பி” என்றாள் துப்புரவுப் பெண்.

அவன் சிரித்தான். “இது சும்மா படம்க்கா. ஆரம்பத்துலேருந்து நானும் கத்திக்கிட்டேதான் இருக்கேன், யாரும் கேக்கல. அவர் நடந்ததை நீங்களே இப்பப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“அப்புறம் என்ன?”

அவள் துணியை வாளியில் முக்கி, பிழிந்து, தரையில் போட்டாள். அறைக்குள் தூங்குகிறவரை ஒரு தரம் எட்டிப் பார்த்துக் கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“ஆஸ்பத்திரி அட்டையை மாட்ட வந்ததே நான்தான் தம்பி, ‘அது வேணாம்மா, எம் பொண்ணு பெத்துப் பொழைக்கிற வரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது, எங்கிட்டயே ஒரு பட்டாம்பூச்சி இருக்கு, அதை மாப்பிள்ளையை விட்டே மாட்டிக்கிறேன்’னு உங்க மாமாதான் என்னைத் திருப்பி அனுப்பிச்சாரு.”